இருபது அடிச் சிரிப்பு

போன மாதம் நான்கு பேர் என்னைத் தேடி வந்தார்கள். நடிப்புப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்களாம். நடிப்புக்குப் பள்ளிக்கூடம் வந்துவிட்டது என்பதையே என்னால் இன்னும் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனாலும் மரியாதையான பிள்ளைகள், அதனால் வாயை அடக்கிக்கொண்டேன். பேச்சைப் பதிவு செய்யும் பெட்டி ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஐயா, அந்தக் கடைசிப் பார்வையை எப்படிக் கொண்டுவந்தீங்க?" என்று கேட்டார்கள்.

அவர்கள் கேட்டது யுத்த காலத்தில் வந்த ஒரு படத்தைப் பற்றி. அதில் நான் கிழவன். மகன் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விடும். சாகும் முன் குடிசை வாசலைப் பார்ப்பேன். வசனம் கிடையாது, பாட்டுக் கிடையாது, பத்துப் பதினைந்து வினாடி என் முகம் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் எனக்குப் படங்கள் வரிசையாக வந்தன. முப்பது வருஷமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "அப்ப எனக்கு மலேரியாக் காய்ச்சல், கண்ணு உள்ள போயிருந்தது, அவ்வளவுதான்." அது பொய்யில்லை. ஆனால் பாதிதான். அந்தப் பிள்ளைகளிடமும் அதையே சொல்லி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் இண்டூரில் பிறந்தவன். ஒன்பது வயதில் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். குரல் உடைகிறவரை பெண் வேஷம், உடைந்த பிறகு ஆறு மாதம் எடுபிடி வேலை, அப்புறம் மந்திரி, வேடன், சந்நியாசி, வெள்ளைக்காரத் துரை. எவனுக்கு வயிற்றுவலி வந்தாலும் அவன் வேஷத்தை என் தலையில் கட்டுவார்கள். எல்லோருடைய வசனமும் எனக்குப் பாடம். அழகாக இருந்திருந்தால் ராஜாவாக நின்றிருப்பேன். என் மூக்கு அதற்கு இடம் கொடுக்கவில்லை. சேலத்தில் பேசும் படம் எடுக்க ஆரம்பித்தபோது அங்கே போனேன். அங்கும் அதே கதைதான். ஒரே படத்தில் மூன்று வேஷம் போட்டிருக்கிறேன், என் பெயர் ஒரு தடவைதான் வரும். முப்பது வயதுவரை என் முகம் இன்னதென்று ஜனங்களுக்குத் தெரியாது. அந்த ஏக்கம் எனக்கு இருந்தது, அதை மறைப்பானேன்.

எங்கள் டைரக்டர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. காக்கி அரைக்கால் சட்டை, கையில் கறுப்புக் குடை. வெயிலில்கூட அந்தக் குடையை விரிக்க மாட்டார். அதன் பிடியில் விரலால் தட்டித் தட்டித்தான் எங்களுக்குக் காலம் கணக்கிடுவார். நான்கு தட்டுக்குள் திரும்ப வேண்டும், ஆறு தட்டுக்குள் உட்கார வேண்டும். அவர் ஒன்றை மறுக்க நினைத்தால் "முடியாது" என்று சொல்ல மாட்டார். "பார்ப்போம்" என்பார். அந்த "பார்ப்போம்" வந்துவிட்டால் மேற்கொண்டு பேசுவதில் பயனில்லை என்று ஸ்டுடியோவில் தோட்டக்காரனுக்குக்கூடத் தெரியும்.

யுத்தத்தில் பிலிம் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. ஒரு படம் இத்தனை அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு வேறு. அதனால் டைரக்டர் ஒரு முறையை வைத்துக்கொண்டார். ஒத்திகைகளைக் கேமராவில் பிலிம் இல்லாமலே ஓட்டிப் பார்ப்பார். பத்துத் தடவை வெறும் கேமரா, பதினோராவது தடவை பிலிம். எது நிஜம் என்று நடிகனுக்குச் சொல்ல மாட்டார். சொன்னால் அந்த ஒரு தடவைக்காக விறைத்துப் போவான் என்பது அவர் எண்ணம். ஆனால் பழகிய காதை ஏமாற்ற முடியாது. பிலிம் உள்ளே போனால் கேமராவின் சத்தம் கொஞ்சம் கனக்கும், வெறுமையாக ஓடினால் லேசாக இருக்கும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும். தெரியும் என்று நான் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். படத்தில் பிணமாகப் படுத்தவனை அப்படியே விட்டுவிட்டுக் கேமராவை மூட மாட்டோம். அவன் எழுந்து உட்கார்ந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் சில அடிகள் எடுப்போம். சிரிக்கிற ஷாட் என்று அதற்குப் பெயர். படத்தில் அது வராது, வெட்டி எறிந்துவிடுவார்கள். ஆனால் கேமரா கடைசியாகப் பார்த்தது அவன் உயிருள்ள முகமாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் பாடை கட்டும்போதுகூட ஒரு குறுக்குக் குச்சியைக் குறைத்துத்தான் கட்டுவார்கள். படித்தவர்கள், இங்கிலீஷ் பேசுகிறவர்கள், யாருமே இதை மீறத் துணிந்ததில்லை. நானும் நம்பினேன், இப்போதும் நம்புகிறேன்.

கிழவனின் சாவையும் ஊர்வலத்தையும் நிஜமான மலையும் நிஜமான குடிசையும் தெரிய எடுக்க வேண்டும் என்று டைரக்டர் ஆசைப்பட்டார். மொரப்பூரில் ரயிலை விட்டு இறங்கி, மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊருக்குப் போனோம். கேழ்வரகும் சாமையும் விளைவிக்கிற ஊர். போன இரண்டாம் நாளே எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டுவிட்டது. மூன்றாம் நாள் பாடை ஊர்வலம். போர்வைக்குள் பல் தந்தியடிக்கக் கிடந்தேன். பிணம் நடுங்கினால் படம் என்னாவது?

"தூரத்தில் இருந்துதானே எடுக்கிறோம். இவன் உயரத்துக்கு ஒரு ஆளைப் பாருங்க" என்றார் டைரக்டர்.

அப்படி வந்தவர்தான் மாரப்பன். நாற்பத்தைந்து வயது இருக்கும். நாங்கள் கொண்டுபோயிருந்த பாடையைப் பார்த்துவிட்டுச் சிரித்தவரும் அவர்தான். "இதென்னங்க, ஆணி அடிச்சு வெச்சிருக்கறீங்க? பொணம் எந்திரிச்சு ஓடிப்போயிருமுன்னு பயமா?" என்றார். டைரக்டருக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஊரில் செய்கிறபடியே கட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். மூங்கில் வெட்டி, பச்சை ஓலை பரப்பி, குறுக்குக் குச்சி ஒன்றுகூடக் குறையாமல், வைக்கோல் புரியால் மாரப்பனே முன்னின்று கட்டினார். தான் கட்டிய பாடையில் தானே ஏறிப் படுத்தார். தலைமுடிக்கு வெள்ளை பூசினார்கள். பறையடித்து, பொரி இறைத்து, அந்த ஊர் மயானம்வரை தூக்கிப்போய் இறக்கினார்கள். நான் போர்வையைப் போர்த்துக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து பார்த்தேன். பிலிம் நன்றாக ஓடியது, சத்தம் கனத்தது.

முடிந்ததும் அவர் மனைவி சின்னபாப்பா நேராக என்னிடம் வந்தார். நான் இண்டூர்க்காரன் என்று முதல் நாளே தெரிந்துகொண்டதால் என்னிடம் அந்த அம்மாளுக்கு ஒரு உரிமை.

"ஏனுந் தம்பி, எங்கூட்டுக்காரரைப் படுக்க வெச்சீங்க, சரி. எப்ப எழுப்பி வுடுவீங்க?"

எனக்கு உடனே புரிந்தது. அந்தப் பக்கத்துக் கூத்தில் செத்து விழுந்தவனை ஊர் பார்க்க எழுப்பி, விபூதி பூசித்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். "எங்களுக்கும் அந்த வழக்கம் உண்டுங்க அக்கா. எந்திரிச்சு உக்காந்து சிரிக்கற மாதிரி படம் புடிப்போம். நான் போய்ச் சொல்றேன்" என்று டைரக்டரிடம் போனேன்.

அவர் "பார்ப்போம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "எடுக்கலாம். கொண்டுவந்ததில் மிச்சம் இருபது அடி. நாளைக்கு உன் குளோசப்புக்கு வைத்திருக்கிறேன். மேற்கொண்டு பிலிம் வருமா வராதா, வந்தாலும் நாம் திரும்ப இங்கே வருவோமா, எதுவும் தெரியாது. எதை எடுக்கட்டும்? நீயே சொல்லு" என்றார்.

எத்தனை வருஷமாகக் காத்திருந்த குளோசப் அது! தாடி இல்லாமல், கிரீடம் இல்லாமல், என் முகம். அவர் குடையின் பிடியில் தட்டாமல் காத்திருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரி. கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க" என்று உதவியாளரிடம் சொன்னார்.

மாரப்பன் பாடையில் எழுந்து உட்கார்ந்தார். முதலில் வெட்கப்பட்டார். அப்புறம் ஊர்ச்சனம் கூச்சல் போட்டுச் சிரிக்க, அவரும் முன்பல் ஒன்று இல்லாத வாயைத் திறந்து நன்றாகச் சிரித்தார். கேமரா லேசாக ஓடிக்கொண்டிருந்தது. அது அங்கே மூன்று பேருக்குத் தெரியும். டைரக்டர், கேமராக்காரர், நான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சின்னபாப்பாவின் முகம் தெளிந்ததைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "படம் வரும்போது போய்ப் பாருங்க அக்கா. அண்ணன் எந்திரிச்சுச் சிரிப்பாரு" என்றேன். யாரும் கேட்காமலே நானாகச் சொன்ன பொய் அது.

மறுநாள் குடிசைக்குள் என் குளோசப். மகன் வருவதுபோல் வாசலைப் பார்க்க வேண்டும், அங்கே ஒரு ஆள் நின்றால் எனக்குப் பார்வை நிலைக்கும் என்று டைரக்டர் சொன்னார். எனக்குக் காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டுவந்த மாரப்பனையே அங்கே நிற்கச் சொன்னார்கள். கையில் கஞ்சிச் செம்போடு நின்றார். தலைமுடியில் முந்தின நாள் பூசிய வெள்ளை இன்னும் முழுசாகப் போகவில்லை. என்னைப் பார்த்துத் தைரியம் சொல்கிறாற்போல் லேசாகத் தலையை ஆட்டினார். அப்போது கேமராவின் சத்தம் கனத்தது. அவருடைய இருபது அடி என் முகத்துக்காக ஓடுகிறது என்று எனக்குக் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். ஜனங்கள் பார்த்து அழுத பார்வை அதுதான். மகனைத் தேடுகிற தகப்பனின் பார்வை என்று எல்லோரும் எழுதினார்கள். நல்ல மனுஷன் ஒருவனை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் பார்த்தவனின் கண் அது.

படம் வந்தது, ஓடியது, எனக்குப் பெயரும் வந்தது. ஒரு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் சேலத்தில் என் வீட்டு வாசலில் சின்னபாப்பா நின்றார். ரயிலேறித் தனியாக வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"போன வருசம் மொரப்பூர்ல கொட்டாய் போட்டு உங்க படம் காட்டுனாங்க தம்பி. ஊரே நடந்து போச்சு. அவரைத் தூக்கிட்டுப் போனாங்க, மயானத்துல எறக்குனாங்க. அப்பறம் என்னென்னமோ வந்துச்சு. ராசா வூடு வந்துச்சு, டான்ஸு வந்துச்சு. இப்ப எந்திரிப்பாரு, இப்ப எந்திரிப்பாருன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். வெளக்கப் போட்டுட்டாங்க. மறுநாளும் போய்ப் பாத்தோம். எந்திரிக்கவே இல்லீங்களே!"

அதற்குப் பிறகு நடந்ததையும் சொன்னார். விதைப்புக்கு முதல் ஏர் பிடிக்க மாரப்பனைக் கூப்பிடுவதில்லை. நல்ல காரியத்தில் சின்னபாப்பாவுக்குக் குங்குமத் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று பெண்கள் தயங்குகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, சண்டையும் இல்லை, ஒதுங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். வைகாசியில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சேதி அனுப்பிவிட்டார்கள். பெண்ணைப் பெற்றவன்தான் தண்ணீர் வார்த்துக் கொடுக்க வேண்டும். செத்து எழுந்திருக்காதவன் கையால் பெண்ணை வாங்கமாட்டோம் என்றார்களாம்.

"அவரு காட்டுலயே படுத்துக்கறாரு தம்பி. வூட்டுக்கு வரச் சொன்னா, நான் யாருன்னு சொல்லி வாரதுங்கறாரு."

அன்று மத்தியானமே டைரக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். இப்போது இருபது அடி எடுத்து என்ன செய்வது, அதை யார் எந்தக் கொட்டகையில் காட்டுவார்கள் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைசியில், "கேமரா காலி என்று அவர்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "போய்ச் சொல்லிவிடு. நான்தான் ஓட்டச் சொன்னேன் என்றும் சொல்லு" என்றார். அவர் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை.

சின்னபாப்பாவோடு மறுநாள் போனேன். ஊர் கூடியிருந்தது. ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர், வற்றிய உடம்பும் கூர்மையான கண்ணும் உள்ள கிழவர், புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மாரப்பன் கூட்டத்தை விட்டு எட்டி நின்றார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கேமராவில் பிலிம் இல்லை என்றேன். இருந்த பிலிமை என் முகத்துக்கு வாங்கிக்கொண்டேன் என்றேன். டைரக்டர் தன்மேல் போடச் சொன்ன பழியை நான் போடவில்லை, அவர் என்னைக் கேட்டுத்தான் செய்தார். அக்காவிடம் சொன்னது பச்சைப்பொய் என்றும் சொன்னேன்.

ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. "அந்தப் பாடையில படுக்கவேண்டியது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தானுங்க."

"காச்சல்னு உங்களுக்குப் பதிலா அவன் படுத்தான். இல்லீங்களா?"

"ஆமாங்க."

"அப்ப அது உங்க சாவு. அவன் வாங்கி வெச்சுக்கிட்டு ஒரு வருசமா அல்லாடறான். உங்க சாமானை நீங்க எடுத்துக்கிட்டாத் தீந்துபோச்சு. எடுத்துக்கறீங்களா?"

மாரப்பன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "வேண்டாமுங்க. தம்பிக்கு இன்னம் வயசிருக்குது. நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்றார். ஒரு வருஷம் ஊர் விலக்கி வைத்த மனுஷன் சொன்ன வார்த்தை இது. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னாலும் அழுதேன். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பயம் இல்லாமல் சொல்லவில்லை.

"உங்களை அப்பறம் யாருங்க எழுப்பறது?" என்று சின்னபாப்பா கேட்டார்.

"எங்க ஸ்டுடியோவுல அதுக்கு ஆளுங்க இருக்கறாங்க அக்கா" என்றேன். அந்த அம்மாளிடம் நான் சொன்ன இரண்டாவது பொய் அது. ஆனால் அதற்காக நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

பாடை கட்டினார்கள். இந்தத் தடவை மாரப்பனைத் தொட விடவில்லை. என்னைக் குளிப்பாட்டி, வாய்க்கட்டுக் கட்டி, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிந்து படுக்க வைத்தார்கள். ஒரு ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நடிக்கத் தோன்றாமல் இருந்தது அந்த ஒரு தடவைதான். மூச்சை அடக்கவில்லை, முகத்தை எப்படி வைப்பது என்று நினைக்கவில்லை. பறைச்சத்தத்தில் மேலே வானம் ஆடி ஆடிப் போயிற்று. மயானத்தில் இறக்கினார்கள். பக்கத்து ஓடையில் மாரப்பனைத் தலைமுழுக வைத்துப் புது வேட்டி கொடுத்தார்கள். ஊர்க்கவுண்டர் அவர் நெற்றியில் விபூதி பூசி, "மாரப்பா, வூட்டுக்குப் போ" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, கணீரென்று சொன்னார்.

மயானத்திலிருந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. மாரப்பன் முன்னால் நடக்க, அவர் பின்னால் எல்லோரும் போனார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேச்சுக்குரல் தேய்ந்து அடங்குகிறவரை படுத்திருந்தேன். பிறகு கால் முடிச்சை நானே அவிழ்த்துக்கொண்டு, ஊருக்குள் போகாமல் காட்டு வழியாக மொரப்பூருக்கு நடந்து ரயிலேறினேன்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது என்றும், மாரப்பன் தண்ணீர் வார்த்துப் பெண்ணைக் கொடுத்தார் என்றும் ஆடி மாதத்தில் மலைப்பக்கத்து வியாபாரி ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு முந்தின வாரமெல்லாம் நான் வெளியூர்ப் படப்பிடிப்பை ஒப்புக்கொள்ளாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். எனக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க யாரும் வரவில்லை. செத்துப்போனவனைக் கல்யாணத்துக்கு அழைக்க மாட்டார்கள். அவர்கள் அழைக்காததில்தான் மாரப்பன் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாயிற்று.